சங்குப்பட்டினத்தில் துறை பார்த்தது

கடலைப் பார்க்க என்ன வேண்டும்? கண் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், சங்குப்பட்டினம் துறைமுகக் கச்சேரிக்கு நீங்கள் போனதில்லை என்று அர்த்தம். அங்கே கண்ணெல்லாம் கடைசியில்தான். முதலில் மனு வேண்டும், மனுவுக்குக் காரணம் வேண்டும், காரணம் இல்லாதவனுக்கு எலுமிச்சம்பழமாவது வேண்டும். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து போன வீரய்யாவிடம் இதில் ஒன்றும் இல்லை. பெண்டாட்டியும் ஒரு கட்டுச்சோற்று மூட்டையும்தான் இருந்தன.

அந்தக் காலத்தில் ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ராமேசுவரம் போவார்கள், நாகூர் போவார்கள், வசதி இருந்தால் மதராஸ் போய் மிருகங்கள் இருக்கிற உயிர்க் காலேஜும் பாடம் பண்ணி வைத்த செத்த காலேஜும் பார்த்துவிட்டு வந்து ஆறு மாதம் அதையே பேசுவார்கள். சங்குப்பட்டினத்தைப் பார்க்க ஒருவரும் போனதில்லை. மணமேல்குடிக்குக் கிழக்கே நாலு மைலில் கிடந்தது அந்த ஊர். ஒரு காலத்தில் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் ரங்கூனுக்கும் கப்பல் போனதாம். அப்புறம் மணல் மேடிட்டது. 1926இல் கடைசியாக ஒரு தோணி புகையிலைச் சிப்பம் இறக்கிவிட்டுப் போனது, போனதுதான். கப்பல்தான் நின்றதே ஒழியக் கச்சேரி நிற்கவில்லை. துறைமுகத்தை மூடச் சொல்லி உத்தரவு போட மேலே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்துவதற்குக் கீழே யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆகவே 1937ஆம் வருஷம் புரட்டாசி மாதத்திலும் அங்கே ஒரு துரை, ஒரு ஹெட்கிளார்க், குமாஸ்தா, டவாலி போட்ட சேவகன், பங்கா இழுக்கிறவன் என்று எல்லாரும் சம்பளத்தோடு சௌக்கியமாக இருந்தார்கள்.

வீரய்யா கடலை பார்த்தவர், கடலைப் பார்க்காதவர். நடுவில் ஒரு ‘ப்’புத்தான் குறைச்சல். நாலு குறுக்கம் செம்மண் கொல்லையில் நிலக்கடலை போட்டுப் பறித்தே நாற்பத்தைந்து வயசாகிவிட்டது. கல்யாணமான மூன்றாம் நாள் காத்தாயி குழம்புக்கு உப்புப் போட்டுக்கொண்டே, “இந்த உப்பு வர்ற கடலை எனக்கு ஒருநா காட்டுவீங்களா?” என்று கேட்டாள். “அதுக்கென்ன, காட்டுறேன்” என்றார் வீரய்யா. அந்த ‘அதுக்கென்ன’வுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு வருஷம் மழை இல்லை, ஒரு வருஷம் மாடு செத்தது, ஒரு வருஷம் மகள் சடங்கு, அடுத்த வருஷம் அவள் கல்யாணம். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

கடல் ஓடவில்லை, காத்தாயியின் கண்தான் ஓடிக்கொண்டிருந்தது. வலது கண் இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இடதும் மங்கி வருகிறதென்று புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனார். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, வீரய்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, நரம்பு காய்ந்து வருகிறது, மருந்தும் இல்லை ஆபரேஷனும் இல்லை, தை மாதம் வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்றார். தனியாகத்தான் சொன்னார், ஆனால் காத்தாயிக்குக் கண்தான் மங்கலே தவிரக் காது பாம்புக் காது. அடுத்த வெள்ளிக்கிழமையே வீரய்யா புளிச்சோறு கட்டச் சொல்லிவிட்டார்.

அறந்தாங்கிக்கு ஒரு பஸ், மணமேல்குடிக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டிக்காரன் சங்குப்பட்டினத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, “நாலரைக்குத் திரும்புற பஸ்ஸு. அத விட்டா நாளைக்கித்தான். மூணு மணிக்கு வந்துருங்க” என்றான். ரோடு நேராக ஒரு பெரிய காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் கச்சேரி, அந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள். அலை அடிக்காது, இரையாது. ஆகவே சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அது இருப்பதே தெரியாது. கருவாட்டு வாசனை மட்டும் வந்தது.

வாசலில் நின்ற ஆளுக்குப் பெயர் சேவுகன், உத்தியோகம் சேவகன். அரசாங்கத்துக்கு அந்த மட்டில் மசி மிச்சம்.

“யாருய்யா? எங்கிட்டு நுழையிறே?”

“தொறையப் பாக்க வந்தோங்க” என்றார் வீரய்யா.

இங்கேதான் தமிழ் அவர் காலை வாரிவிட்டது. கப்பல் நிற்கிற துறைக்கு வல்லின றகரம். வெள்ளைக்கார துரைக்கு இடையின ரகரம். காகிதத்தில் எழுதினால் ஒன்று தண்ணீர், மற்றொன்று மனுஷன். வாயால் சொன்னால் எங்கள் சீமையில் இரண்டும் ஒன்றுதான். வீரய்யா சொன்னது துறையை. சேவுகன் காதில் விழுந்தது துரை. அவன் உடனே நிமிர்ந்து நின்று டவாலியைச் சரிபண்ணிக்கொண்டு, காத்தாயியைப் பூவரசு நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, வீரய்யாவை மட்டும் குமாஸ்தாவிடம் கூட்டிப் போனான்.

குமாஸ்தா பழனிச்சாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“துரையை என்ன காரியமாப் பார்க்கணும்?”

“காரியம் ஒண்ணுமில்லீங்க. சும்மா ஒருதரம் பாத்துட்டுப் போயிர்றோம்.”

பழனிச்சாமி பேனாவைக் கீழே வைத்தார். பதினாறு வருஷ சர்வீஸில் காரியம் இல்லாமல் துரையைப் பார்க்க வந்த ஒருவனை அவர் கண்டதில்லை.

“வேலை கேட்கவா?”

“இல்லீங்க.”

“யார் மேலேயாவது புகாரா?”

“ஐயய்யோ, அதெல்லாம் இல்லீங்க. எம் பொஞ்சாதிக்கு ரொம்ப நாளா ஆசை. கல்யாணமான மூணாம் நாள்லேருந்து பாக்கணும் பாக்கணும்ங்கிறா.”

குமாஸ்தா ஜன்னல் வழியாகப் பூவரசடியில் நின்ற காத்தாயியைப் பார்த்தார். பிறகு வீரய்யாவைப் பார்த்தார். “இதில் உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லையா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“எனக்கென்னங்க வருத்தம்? நானும் பக்கத்துல நின்னு பாப்பேன்.”

பழனிச்சாமி எழுத ஆரம்பித்தார். வீரய்யாவுக்கோ கேட்க ஆயிரம் இருந்தது.

“ரொம்பப் பெருசா இருக்கும்னு சொன்னாங்க.”

“ஆறடி இருப்பார்.”

“ஆறடிதானா? எங்க ஊருக் கம்மாயே மடைக்கிட்ட எட்டடி கெடக்குமே! நீலமா இருக்குமாமுல்ல?”

“கண் மட்டும் நீலம். மற்றபடி சிவப்பு.”

“ஐப்பசி கார்த்திகையில பொங்கும்னாங்க.”

“பொங்குவார், பொங்குவார். போன தடவை பொங்கினபோது இங்கிருந்து ரெண்டு பேர் போய்விட்டார்கள்.”

“ஆத்தாடி! பொணம் கெடச்சுச்சுங்களா?”

“என்ன உளறுகிறாய்? ஒருத்தன் கடலூரில் இருக்கிறான், இன்னொருத்தன் காக்கிநாடாவில்.”

“அம்புட்டுத் தூரமா இழுத்துக்கிட்டுப் போயிருச்சு!” என்று வீரய்யா வாயில் கை வைத்துக்கொண்டார். சமுத்திரராஜனை ‘அவர், இவர்’ என்று இத்தனை மரியாதையாகப் பேசுகிறாரே, படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று அவருக்கு மனம் நெகிழ்ந்தது. “கால நனைக்கலாமுங்களா?” என்று கடைசியாகக் கேட்டார்.

“காலைத் தொட்டுக் கும்பிடலாம். அதற்கு மேல் ஆசைப்படாதே” என்றார் குமாஸ்தா.

மனுவில் கைநாட்டு வைத்த பிறகு சேவுகன் வந்து எலுமிச்சம்பழம் எங்கே என்றான். இல்லை என்றதும் அவனே ஒன்றைக் கொடுத்தான். நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கி, தேக்கு நிறத்தில் இருந்தது. “போன வருசம் வந்த மனுதாரர் வச்சது. அதுக்கு மொத வருசமும் அதுதான். தொரை பழத்தத் தொட மாட்டாக. நீ வச்சிட்டு வெளியே வந்தா, நான் பின்னாடியே எடுத்துட்டு வந்துருவேன்” என்று விளக்கினான். அப்புறம் சலாம் பாடம் நடந்தது. வாசற்படியில் ஒன்று, கம்பளத்தில் ஒன்று, மேஜைக்கு மூன்றடி முன்னால் தரை தொட்டு ஒன்று. வீரய்யாவுக்கு மூன்றாவது சலாமில் துண்டு நழுவி நழுவி விழுந்தது. நழுவாமல் போட்டுக் காட்டியபோது மணி இரண்டு. கடலைப் பார்க்க இவ்வளவு இருக்குமென்று தெரிந்திருந்தால் அம்மிக்கல்லை ஒற்றைக் கையால் தூக்குகிற இளவயசில் வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டரைக்குக் கதவு திறந்தது. “மொதல்ல மனுதாரர் மட்டும்” என்று சேவுகன் அவரைத் தனியாக உள்ளே விட்டான். வீரய்யா கண்ணை மூடிக்கொண்டு மூன்று சலாமும் போட்டார். முதன்முதலில் கடலைப் பார்க்கிறபோது ஒரேயடியாக முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பழத்தை நீட்டியபடி கண்ணைத் திறந்தார்.

நாற்காலியில் ஒரு தொப்பி இருந்தது.

மேலே பங்கா ஆடிக்கொண்டிருந்தது. தொப்பிக்குக் காற்று வந்தது. பக்கத்தில் ஹெட்கிளார்க் சின்னப்பிள்ளை கை கட்டி நின்றார். அறுபதை நெருங்குகிற அந்த மனிதருக்கு யார் அந்தப் பெயர் வைத்தார்களோ, தெரியாது.

“பார்த்தாயிற்றா?” என்றார்.

“என்னத்தங்க?”

“துரையை.”

“இது தொப்பிங்களே.”

“துரை சீமைக்கு லீவில் போயிருக்கிறார். ஏழு வருஷமாகிறது. அதனால் என்ன? ஏழு வருஷமாக இந்தக் கச்சேரியில் ஒரு காகிதம் நின்றதில்லை, ஒரு சலாம் குறைந்ததில்லை. தொப்பி இருக்கிறபோதே இவ்வளவு ஒழுங்கு என்றால், துரையும் வந்துவிட்டால் வேலை கெட்டுப்போகும் என்றுதான் நான் பயப்படுகிறேன்.”

வீரய்யா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். “தண்ணி எங்கங்க?” என்று மெல்லக் கேட்டார்.

சின்னப்பிள்ளை தாராள மனசுக்காரர். சேவுகனை அழைத்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“குடிக்கிறதுக்கு இல்லீங்க, பாக்குறதுக்கு!” வீரய்யாவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. “நான் கேட்டது உப்புத் தண்ணிங்க. கப்ப நிக்கிற தொறை. தொரை இல்லீங்க, தொறை!”

பங்கா நின்றது. பழனிச்சாமி மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எந்த ரகரம் என்று ஹெட்கிளார்க் கேட்டார். இடையினம்தான் எழுதினேன் என்று குமாஸ்தா சொன்னார். மனுதாரர் உத்தேசித்தது எது என்று ஹெட்கிளார்க் கேட்டார். எழுத்து தெரிந்தால் நான் ஏன் கடலை பறிக்கிறேன் என்று வீரய்யா சொன்னார். கடைசியில் சின்னப்பிள்ளை நாற்காலியில் உட்காரப் போய், தொப்பி இருப்பதை நினைத்து, நின்றபடியே பேசினார்.

“வல்லின றகரம் என்றால் விஷயம் வேறே. துறை பார்க்கத் துரை கையெழுத்துப் போட வேண்டும். துரை லீவில் இருக்கிறார். அவர் வந்தால் பார்க்கலாம்.”

“எப்ப வருவாகங்க?”

“அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் துரைதான் கையெழுத்துப் போட வேண்டும்.”

“எசமான், கருவாட்டு வாசனை வருதே, செம்படவங்க வலை போட்டுக்கிட்டுத்தான இருக்காங்க? அவுங்க பாக்கலையா?”

“செம்படவன் கடலையா பார்க்கிறான்? மீனைப் பார்க்கிறான்” என்றார் சின்னப்பிள்ளை. அவருக்குத் தம் பேச்சு தமக்கே பிடித்துப்போயிற்று, குரல் உயர்ந்தது. “நீ என்ன நினைத்தாய்? இது கண்டவன் கண்டபடி பார்க்கிற ஊருணியா? நீயோ புதுக்கோட்டை சமஸ்தானத்துக் குடி. இது பிரிட்டிஷ் கடல். பதினோரு வருஷமாக இந்தத் துறையில் ஒரு கப்பல் முழுகினது உண்டா? ஒரு சரக்கு திருட்டுப்போனது உண்டா? ஒரு பிரயாணி குறை சொன்னது உண்டா? நாகப்பட்டினத்தில் இதைச் சொல்ல முடியுமா? அங்கே கப்பல் வருகிறது, கண்டபடி வருகிறது. கப்பல் வந்தால் நிர்வாகம் எங்கே நடக்கும்? நாங்கள் இந்தக் கடலை அரசாங்கம் கொடுத்தபடியே, ஒரு சொட்டுக் குறையாமல் வைத்திருக்கிறோம். வேண்டுமானால் அடுத்த வருஷம் வா.”

வீரய்யா பொறுமைசாலி. மழைக்கும் மணியக்காரருக்கும் காத்திருந்து பழகியவர். ஆனால் ‘அடுத்த வருஷம்’ என்ற சொல் அவர் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

“அடுத்த வருசம் அவளுக்குக் கண்ணு இருக்காதுங்க” என்றார். “ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொண்ணு தையோட முடிஞ்சதுன்னுட்டாரு டாக்டரு. இருவத்திரண்டு வருசமா ஏமாத்திட்டேன், எசமான். ஒரு நிமிசம். அவ பாத்தாப் போதும். நான் பாக்காட்டிப் போகுது.”

ஹெட்கிளார்க் யோசித்தார். அவரும் மனிதர்தான். “பரிதாபமாகத்தான் இருக்கிறது” என்றார். “கண் தெரியாது என்பதற்கு ஒரு சர்ட்டிபிகேட் கொண்டுவந்து கொடு. கண் தெரியாதவர்கள் கடலுக்குப் போக அனுமதி தேவையில்லை என்று ஒரு விதி இருக்கிறது. அவர்கள்தான் பார்க்க மாட்டார்களே.”

அந்தச் சமயத்தில் கதவருகே ஒரு குரல் கேட்டது. “இங்கேருங்க, வாங்க போவோம். வண்டிக்காரன் கத்துறான்.”

காத்தாயி நின்றாள். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து, காலெல்லாம் சேறு. முகத்தில் மட்டும் மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வருகிற களை.

“ஈரம் ஏது?” என்றார் சின்னப்பிள்ளை.

“கடல்லேருந்து வாரேன். காலையிலேருந்து அங்கனதான் ஒக்காந்திருந்தேன்.”

அனுமதியில்லாமல் அரசாங்கக் கடல் பார்க்கப்பட்டுவிட்டது. பழனிச்சாமி வாக்குமூலக் காகிதத்தை எடுத்தார். எந்த வழியாகப் போனாய் என்று ஹெட்கிளார்க் அதட்டினார்.

“பொம்பளை ஒதுங்கணும்னா எங்கிட்டுப் போறதுன்னு இந்த அண்ணங்கிட்டக் கேட்டேன். கொல்லைச் செவுத்துல ஓட்டை இருக்கு, ஆபீசுல எல்லாரும் அங்கிட்டுத்தான் போவோம்னாக. போனேன். போனா, கடல் இருந்துச்சு.”

எல்லாரும் சேவுகனைப் பார்த்தார்கள். “ஒதுங்கறதுக்கு மனு வாங்கணும்னு ரூலு இல்லீங்களே” என்றான் அவன். சின்னப்பிள்ளை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையிலேயே இல்லை. “நாமளும் தெனம் காலையில அங்கிட்டுத்தான போறோம்” என்று சேவுகன் தைரியம் பெற்றுச் சேர்த்தான்.

“போகிறோம்!” என்று கர்ஜித்தார் சின்னப்பிள்ளை. “ஆனால் என்றைக்காவது பார்த்திருக்கிறோமா? கடலுக்கு முதுகைக் காட்டித்தானே உட்காருகிறோம்? அதற்குப் பெயர்தான் ஒழுங்கு!” பிறகு காத்தாயி பக்கம் திரும்பினார். “என்னென்ன பார்த்தாய்? ஒன்று விடாமல் சொல்.”

“எனக்கு எல்லாம் மங்கத்தானுங்க தெரியும். ஆனா இதுக்கு நல்ல கண்ணு வேணாம் போலருக்கு, அம்புட்டுப் பெருசு. தண்ணி எங்கன முடியுது, ஆகாசம் எங்கன ஆரம்பிக்குதுன்னு தெரியல. எனக்குத்தான் தெரியலையாக்கும்னு பக்கத்துல வலை ஒதறுனவகிட்டக் கேட்டேன். எங்களுக்கும் தெரியாது ஆத்தான்னுட்டா. அப்படியே அமைதியாக் கெடந்துச்சு. புள்ளத்தாச்சி ஒருக்களிச்சுத் தூங்குனா வயிறு ஏறி எறங்குமே, அது மாதிரி.”

பழனிச்சாமி எழுதுவதை நிறுத்திவிட்டார். “அப்படியா இருக்கு?” என்றார். ஹெட்கிளார்க் முறைத்ததும் மறுபடி குனிந்துகொண்டார்.

சின்னப்பிள்ளை நெடுநேரம் விதிப் புத்தகத்தில் விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினார். “துறைமுக எல்லைக்குள் அனுமதியின்றி எதை எடுத்தாலும் அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். நீ ஒரு காட்சியை எடுத்திருக்கிறாய். திருப்பிக் கொடுக்க வேண்டும்.”

காத்தாயி அவர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். கோபம் இல்லை அவளிடம்.

“குடுத்துர்றேன் சாமி. தை மாசத்துக்குள்ள கண்ணையே குடுத்துருவேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டுமே.”

பழனிச்சாமி எழுதினார்: ‘தை மாதத்துக்குள் ஒப்படைக்க எதிரி சம்மதம்.’ ஹெட்கிளார்க் அதில் முத்திரை குத்தினார்.

வீரய்யா அந்த முத்திரைச் சத்தத்தைக் கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு வராத கோபம் அப்போது வந்தது. எலுமிச்சம்பழத்தைத் தொப்பிக்குள் போட்டார். மூன்று சலாமும் போடாமல் வாசலுக்கு நடந்தார்.

“எங்கே போகிறாய்? துரையைப் பார்த்ததற்குக் கைநாட்டு வைக்க வேண்டும்!” என்று கத்தினார் சின்னப்பிள்ளை.

“ஒதுங்கப் போறேங்க” என்றார் வீரய்யா. “அதுக்கு மனு வேணாமுல்ல?”

வாசலில் வண்டிக்காரன் மணி மூன்றேகால் என்றான். வீரய்யா தயங்கினார். காத்தாயி தயங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் பழகிய வழியில், சுவரைத் தடவித் தடவி முன்னால் நடந்தாள். ஓட்டை சின்னது, வீரய்யா குனிந்து, தோளைக் குறுக்கி, பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. பின்னால் சேவுகன் கூப்பிடுவது கேட்டது, வண்டி கிளம்புவதும் கேட்டது.

அந்தப் பக்கம் நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தெரியுதா?” என்றாள் காத்தாயி. “எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. ஒங்களுக்கு என்ன நெறம்?”

“நீலமும் இல்ல, பச்சையும் இல்ல. அங்கிட்டுப் போகப் போக வேற வேற மாதிரி இருக்கு.”

“அவசரப்படாம நல்லாப் பாத்துக்கங்க” என்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “தைக்கப்பறம் நீங்கதான எனக்குச் சொல்லணும்?”